வெடிக்காத பீரங்கி

பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். உரிப்பதில் பாதியை என் தம்பி ஜேபெஸ் நின்றபடியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடியே காலி பண்ணிடுவ போலிருக்கே. கையை எடுடா."

"மூணு வருஷம் புழு பிஸ்கட் தின்னவன்க்கா நான். கண்டுக்காத."

கழுத்துத் துணியைக் கட்டிவிடச் சொல்லி முகத்தை நிமிர்த்தினான். ஆங்கிலேயப் போர்க்கப்பலில் வாங்கிய சவுக்கடித் தழும்பு ஒன்று காலருக்கு மேலே எட்டிப் பார்த்தது. துணியை இன்னொரு சுற்று சுற்றி மறைத்தேன்.

"மறைக்காத. அதைப் பார்க்கத்தான் என்னை விருந்துக்கே கூப்பிட்டிருக்காங்க" என்றான். வாசலில் நின்று திரும்பினான். "இன்னிக்கு நான் பேசப்போறது ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஜீரணமாகாது. எனக்குப் பட்டாணி எடுத்து வை."

யார் அந்த ஆள் என்று கேட்கவில்லை. மீன் தீய்ந்துகொண்டிருந்தது.

அன்று ஜூலை நான்கு, அமெரிக்காவின் சுதந்திரத் திருநாள். வருடம் 1812. இங்கிலாந்தின் மேல் போர் அறிவித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மாலையில் அவனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பின்மண்டை உடைந்திருந்தது. முன்னால் தூக்கி வந்து முதலில் கதறியவன் ஈனோக் டார்பெல். ஜேபெஸ் வேலை செய்த கப்பலில் கேப்டனுக்கு அடுத்த ஆளாக இருந்தவன். ஊரில் போர் வேண்டும் என்று அவனைவிட உரக்கக் கத்தியவன் கிடையாது. பிணத்தைக் கண்டெடுத்தவனும் அவன்தான். வார்ட்வெல்லின் கயிற்றுப் பட்டறைக்குப் பின்னால், அலை ஏறும் இடத்தில் கிடந்ததாம்.

வார்ட்வெல்லின் இடம் என்றதும் ஊருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அவர் ஃபெடரலிஸ்ட் கட்சிக்காரர். போர் வேண்டாம் என்றவர். அன்று காலை ஊர் முழுக்கக் கொடி பறந்தபோது தன் பட்டறைக் கொடியை மட்டும் அரைக்கம்பத்தில் தொங்கவிட்டவர். எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆங்கிலேயன் நடுக்கடலில் கப்பலில் ஏறி, இங்கிலாந்தில் பிறந்தவன் என்று சொல்லி என் தம்பியைத் தன் கடற்படைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, "கடல் வியாபாரம்னா ரெண்டு ஆள் போகத்தான் செய்யும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மனிதர்.

அன்று மாலையே அவரை முடித்திருப்பார்கள். ஆனால் சூரியன் மறைந்துவிட்டது. எங்கள் சால்ட்டர் முனை பக்தியுள்ள ஊர். சனிக்கிழமை சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கும். ஞாயிறு சூரியன் மறைந்தால் முடியும். அதற்குள் எங்கள் ஊரில் ஒருத்தர் துணி துவைக்க மாட்டார், விறகு பிளக்க மாட்டார். ஆளைக் கொல்வது என்றாலும் சூரியன் மறையும்வரை பொறுத்திருப்பார்.

ஞாயிறு மதியம் ஜெபம் முடிந்து வந்தபோது சந்தைத் திடலில், காய்ச்சி ஆள் மேல் ஊற்றுவதற்கான தார்ப் பீப்பாயும், அதற்குக் கீழே அடுக்கிய விறகும் பார்த்தேன். தீ மட்டும் வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு கம்பம். அதன் உச்சியில் ரத்தக்கறையோடு ஜேபெஸின் சட்டை.

அடியில் கர்னல் தேயர் நின்றிருந்தார். ஊர்க்காவல் படைக்குத் தலைவர், போர் வேண்டும் என்ற ரிபப்ளிகன் கட்சி முந்தின நாள் வைத்த விருந்துக்கும் தலைவர்.

"அது நான் தைச்ச சட்டைங்க. குடுங்க."

"உன் தம்பி ரத்தம் இந்த தேசத்துக்கே கொடிம்மா. வார்ட்வெல் கதை இன்னிக்கு முடியட்டும். நாளைக்குக் காலையில அறுபது பசங்க பட்டாளத்துக்குப் பேர் கொடுப்பாங்க பாரு."

"சட்டையைக் குடுங்க."

"அது இப்ப உன்னுது இல்லம்மா. தேசத்தோடது."

வார்ட்வெல்தான் கொன்றார் என்று யாராவது எனக்குக் காட்டியிருந்தால் தார் வாளியில் ஒன்றை நானே தூக்கியிருப்பேன். யாரும் காட்டவில்லை. கைக்குக் கிடைத்தவன் எனக்கு வேண்டாம். கொன்றவன் வேண்டும். அதுவும் சூரியன் மறைவதற்குள்.

நேராகப் பிரேத விசாரணை அதிகாரி ஹஸ்கின் வீட்டுக்குப் போனேன்.

ஹஸ்கின் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்தார். ஒரு கன்னம் ரொட்டி மாவு போல உப்பியிருந்தது. அவருடைய உதவியாள் டெனி கொரிகன் கிராம்பு எண்ணெயை நீட்டிக்கொண்டிருந்தான். அயர்லாந்திலிருந்து வந்தவன். ஹஸ்கினின் வண்டியை ஓட்டுவான், பிணம் தூக்குவான், திருநாள் என்றால் ஊர்ப் பீரங்கியைச் சுடுவான். வாயை மட்டும் மூட மாட்டான்.

"வாங்க தங்கச்சி. ஐயா ரெண்டு நாளா அரை மூஞ்சியோடதான் யோசிக்கிறாரு. அதான் பாதி மெதுவா ஓடுது."

"டெனி, நீ பேசாதடா. நேத்து உன் பீரங்கியே பேசல" என்றார் ஹஸ்கின்.

டெனியின் முகம் சுருங்கிவிட்டது. "பாத்தீங்களா தங்கச்சி? ஊர்ல என் பேரு இப்ப ஈரப்பொடி டெனி. ஒரே ஒரு தடவை வெடிக்கலை. குடிச்சிட்டு வெடிமருந்தை நனைச்சுட்டேனாம். பச்சைப் பொய். குடிச்சேன், ஆனா நனைக்கல."

நான் அழவில்லை. தார்ப் பீப்பாயைப் பற்றிச் சொன்னேன். சட்டையைப் பற்றிச் சொன்னேன். ஹஸ்கின் கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கண் டெனியின் மேல் இருந்தது.

"இரும்மா. டெனி, ஒரு தடவை வெடிக்கலன்னு சொன்னியே. எனக்கு அது தெரியும். என் பல்லுக்குத் தெரியும்."

"பல்லுக்கா?"

"நேத்து முழுக்க இங்கதான் கிடந்தேன். விருந்துல ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி வாழ்த்திக் குடிக்கிறாங்க. முதல்ல கூச்சல் கேக்கும், பின்னாடியே உன் பீரங்கி. ஒவ்வொரு குண்டும் நேரா இந்தக் கடைவாய்ப் பல்லுலதான் இறங்கிச்சு. அதனால கூச்சல் கேட்டதுமே தலகாணியைக் கடிச்சுக்குவேன். ஒரு தடவை கூச்சல் கேட்டுது. கடிச்சுக்கிட்டேன். குண்டு வரல. அப்பாடான்னு உன்னை வாழ்த்தினேன்டா."

"ஊர்ல என்னை வாழ்த்தின ஒரே ஆளு நீங்கதான்."

"விளையாட்டு இல்ல. ஏன் சுடல?"

டெனி தோளைக் குலுக்கினான். "சுடாதன்னாங்க, சுடல. சத்திரத்து வாசப்படியில ஒருத்தன் நிப்பான். கைக்குட்டையை ஆட்டினா சுடணும். தொப்பியைக் கழட்டினா சுடக்கூடாது. செத்துப்போனவங்க நினைவுக்குக் குடிக்கிறாங்கன்னு அர்த்தம். அவன் கழட்டினான். நான் திரியைக் கீழ வெச்சுட்டேன்."

ஹஸ்கின் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

செத்தவர் நினைவுக்குக் குடிக்கும்போது எங்கள் ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, சத்தமில்லாமல் குடிப்பார்கள். அது எனக்கே தெரியும்.

"அப்ப உள்ள ஏன் கூச்சல்?" என்றேன்.

"அதைத்தான் என் பல்லும் கேக்குது" என்றார் ஹஸ்கின். "டெனி, உனக்கு அந்தக் கூச்சல் கேக்கலையா?"

"பீரங்கிக்காரன் காதுல பஞ்சு வெச்சிருப்பான் ஐயா. பக்கத்துல அலை வேற. எனக்குக் கைக்குட்டையும் தொப்பியும்தான் தெரியும்."

"படியில நின்னது யாரு?"

"கர்னலோட அண்ணன் பையன்தான் நிக்கணும். வெயில் நேரா கண்ணுல. தொப்பி தெரிஞ்சுது, மூஞ்சி தெரியல."

சத்திரம் பூட்டியிருந்தது. சத்திரக்காரி டாபித்தா பின்வாசலில் மடியில் வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஓய்வுநாள்ல விருந்துப் பேச்சு பேச மாட்டேன் ஹஸ்கின். பாவம்."

"பேச வேணாம்க்கா" என்றான் டெனி. "நான் பேசறேன். நான் தப்பாச் சொன்னா திருத்துங்க. தப்பைத் திருத்தறது புண்ணியம். நேத்து பீரங்கி வெடிக்காமப் போனது கர்னல் பேரை வாழ்த்தினப்பதான்."

"யாருடா சொன்னது? கர்னலுக்கு நல்லாத்தான் வெடிச்சுது." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "உன் தம்பிக்குத்தான்மா வெடிக்கல. ஜேபெஸ் ப்ரூயிட் பேரைச் சொன்னதும் அத்தனை பேரும் மேஜையைத் தட்டின தட்டுல ரெண்டு கண்ணாடி டம்ளர் போச்சு. மகராசன் இன்னும் வரலையே, வந்து ரெண்டு வார்த்தை பேசுவானேன்னு எல்லாரும் வாசலையே பாக்கறாங்க. பீரங்கி மட்டும் வாயைத் திறக்கல. இந்த ஐரிஷ்காரனை வையாத ஆள் இல்ல."

"அவன் பேருக்கா?" டெனியின் சிரிப்பு போய்விட்டது. "அவன் பேருக்கா நான் சுடாம நின்னேன்?"

"படியில நின்னது கர்னலோட அண்ணன் பையன்தானே?" என்றார் ஹஸ்கின்.

"அவன் எங்க நின்னான்? அதுக்கு ரொம்ப முன்னாடியே மேஜைக்கு அடியில படுத்துட்டான். கைக்குட்டையை ஈனோக்தான் வாங்கிக்கிட்டாரு. பாவம், லேட்டா வந்தாரு. தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. வெயில் தாங்காம கடல்ல தலையை முக்கிட்டு வந்தேன்னாரு."

டெனி ஹஸ்கினைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க இருக்கான் அவன்?" என்றார் ஹஸ்கின்.

"எங்க வீட்டுல" என்றேன். "ஜேபெஸுக்குப் பக்கத்துல. பிணம் தனியா இருக்கக்கூடாதுன்னு நேத்துலேருந்து காவல் உட்கார்ந்திருக்கான். காலையில ஒண்ணும் சாப்பிடலன்னு நான்தான் ஜேபெஸுக்கு எடுத்து வெச்ச பட்டாணியைக் குடுத்துட்டு வந்தேன்."

வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது ஈனோக் எழுந்து நின்றான். தட்டு காலியாக இருந்தது. கண் சிவந்திருந்தது. அந்த அழுகை பொய்யில்லை. இத்தனை வருடம் கழித்து யோசித்தாலும் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஹஸ்கின் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தார். ஈனோக்கும் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஈனோக், ஒரு சின்ன விஷயம். இந்த டெனியை ஊர் முழுக்கக் குடிகாரன்னு திட்டுது. நேத்து கைக்குட்டை உன் கையிலதானே இருந்துச்சு? ஒரு தடவை வெடிக்கலையே, அது இவன் தப்பா?"

ஈனோக்குக்கு நிம்மதியாகிவிட்டது. பெருந்தன்மையாகவே சொன்னான். "இவன் தப்பு இல்லைங்க. நான்தான் தொப்பியைக் கழட்டினேன்."

"செத்தவங்களுக்குக் கழட்டற மாதிரியா?"

"ஆமாங்க. ஜெனரல் வாஷிங்டன் நினைவுக்குன்னு நினைக்கிறேன். உள்ள எல்லாரும் எழுந்து நின்னாங்க. நானும் கழட்டினேன்."

"அமைதியா நின்னாங்களா?"

"மூச்சு விடற சத்தம்கூட இல்லைங்க."

"அடேங்கப்பா" என்றான் டெனி. "அந்த மூச்சு விடாத சத்தத்துல டாபித்தாக்கா வீட்டு டம்ளர் ரெண்டு உடைஞ்சிருக்கு."

ஈனோக் அவனைப் பார்த்தான். பிறகு ஹஸ்கினைப் பார்த்தான்.

"உள்ள யாரும் அமைதியா இல்ல ஈனோக்" என்றார் ஹஸ்கின். "ஜேபெஸ் பேரைச் சொல்லி மேஜையைத் தட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு அவன் உயிரோட இருக்கறவன். இப்ப வந்துடுவான், வந்து பேசுவான். இந்த ஊர்லயே ஒருத்தனுக்குத்தான் அவன் செத்துட்டான்னு தெரியும். அந்தப் பேரைக் கேட்டதும் அந்த ஒருத்தன் கை தானாத் தொப்பிக்குப் போயிடுச்சு. நீ நல்லவிதமா வளர்ந்தவன்டா. அதான் மாட்டிக்கிட்டே."

ஈனோக் முழங்காலில் இருந்த தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மறுக்கவில்லை. என்னிடம்தான் பேசினான்.

"நாலு வயசுல வந்தேன் மெகிட்டா. இங்கிலாந்துல அந்தப் பிரிஸ்டல் ஊர் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. அங்க பொறந்துட்டேன், அவ்வளவுதான். அன்னிக்கு அந்த இங்கிலீஷ் ஆபீசர் எங்க கப்பல்ல ஏறி எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, இதுல இங்கிலீஷ்காரன் எவன்னு என்னைத்தான் கேட்டான். கேப்டனுக்கு அடுத்தவன் நான்தானே. இல்லன்னா என்னையே பிடிச்சுட்டுப் போயிருப்பான். என் வாயில, அதோ அவன்னு வந்துடுச்சு. ஜேபெஸ் பக்கத்துல நின்னான். அவ்வளவுதான்."

"மூணு வருஷம்" என்றேன்.

"விருந்துல எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்னான். பட்டறைக்குப் பின்னாடி வெச்சு அவன் கால்ல விழுந்தேன். மன்னிச்சுட்டேன், ஆனா சொல்லாம இருக்க முடியாதுன்னான். திரும்பி நடந்தான். கீழ ஒரு கட்டை கிடந்துச்சு."

கோபத்தில் எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "பட்டாணி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவன் உடைந்தான்.

வெளியே சூரியன் மறைந்திருந்தது. தார் காயும் வாசனை வந்தது. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தீ வைத்திருந்தார்கள். கூட்டம் சட்டைக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் கயிற்றுப் பட்டறைக்குப் போக வேண்டும். ஹஸ்கின் ஈனோக்கின் கையைக் கட்டி வாசற்படியில் நிறுத்தினார்.

"நில்லுங்க! ஜேபெஸைக் கொன்னது வார்ட்வெல் இல்ல. இவன். என்கிட்ட ஒத்துக்கிட்டான்."

கூட்டம் தயங்கியது. கர்னல் முன்னால் வந்து தணிந்த குரலில் பேசினார். படியில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்டது.

"நாளைக்குக் காலை வரைக்கும் உள்ளயே வெச்சிருங்க ஹஸ்கின். பசங்க பேர் கொடுக்கட்டும். அப்புறம் நிதானமா விசாரிச்சுக்கலாம்."

"காலைக்குள்ள வார்ட்வெல் செத்துப்போயிடுவார் கர்னல்."

"அவரும் ஒண்ணும் யோக்கியன் இல்லையே."

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "ஈனோக் நம்ம ஆளு! ஹஸ்கின் அவங்க கட்சிகிட்ட காசு வாங்கிட்டான்!" கம்பம் மறுபடி நகர்ந்தது. நான் குறுக்கே ஓடினேன். "இவன்தான் என் தம்பியைக் கொன்னான்! நான் சொல்றேன், அவன் அக்கா சொல்றேன்!" என்னைத் தள்ளவில்லை. மரியாதையாக ஒதுக்கிவிட்டு நடந்தார்கள். "துக்கத்துல பேசுது பாவம்" என்று ஒருவன் தொப்பியைத் தொட்டுத் தலை குனிந்தான். என் தம்பிக்காகப் போகிறவர்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அவன் சட்டை என் தலைக்கு மேலே ஆடிக்கொண்டு போனது.

டெனி பெருமூச்சு விட்டான். "பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல அந்நியனா இருக்கேன் தங்கச்சி. இவங்க காது எதுக்குத் திறக்கும்னு எனக்குத் தெரியும்." வாயில் கையைக் குவித்துக்கொண்டான்.

"அடேய்! இவன் பிரிஸ்டல்ல பொறந்தவன்டா! ஈனோக் டார்பெல் இங்கிலீஷ்காரன்! கேட்டுப் பாருங்கடா!"

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

கம்பத்தைப் பிடித்திருந்தவன் திரும்பினான். "ஈனோக்? பொய்தானே?"

ஈனோக் தலையைக் குனிந்துகொண்டான்.

கொலைகாரன் என்றபோது ஒரு முகம்கூட மாறவில்லை. இங்கிலீஷ்காரன் என்றதும் அத்தனை முகமும் மாறியது. நேற்றுவரை அவன் தோளில் கைபோட்டு நடந்தவர்கள் குனிந்து கல்லைப் பொறுக்கினார்கள். ஹஸ்கின் தன் உடம்பால் அவனை மறைத்து உள்ளே தள்ளினார். முதல் கல் அவர் தாடையில்தான் விழுந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளங்கையில் எதையோ துப்பினார்.

"போச்சா ஐயா?" என்றான் டெனி.

"போச்சு. பாஸ்டன் டாக்டர் இந்தப் பல்லைப் பிடுங்க மூணு டாலர் கேட்டான்."

நான் சிரிக்கவில்லை. அவர்களும் சிரிக்கவில்லை. கல் கதவில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டில் என் தம்பியின் பிணம் கிடந்தது. அவனுக்காக ஆத்திரப்பட்டவர்கள்தான் எங்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான், அவனைக் கொன்றவன். நான் அவனை வெளியே விட்டிருக்கலாம். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. விடவில்லை. அந்தக் கூட்டத்துக்கு என் வீட்டிலிருந்து இனி ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

வார்ட்வெல் பிழைத்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஈனோக்குக்கு இலையுதிர் காலத்தில் நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்தது. சட்டை பட்டாளத்தோடு வடக்கே கனடா எல்லைக்குப் போனது. திரும்பி வரவில்லை. அதன் பின்னால் போன பையன்களிலும் பாதிப் பேர் திரும்பவில்லை.

அடுத்த வருடம் திருநாளன்று கர்னல், ஊர்ச் செலவில் ஜேபெஸுக்கு ஒரு கல் வைத்தார். "ஆங்கிலேயன் கையால் மாண்ட வீரன்" என்று வெட்டியிருந்தது. பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. பிரிஸ்டலில் பிறந்தவன் கைதானே. நான் அவர் வீட்டுக்கே போய், கொன்றவன் பெயரை வெட்டுங்கள், இல்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"கல்லுல வெட்டினதை எப்படிம்மா மாத்தறது?" என்றார்.

போர் முடிந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் மறுபடி எங்கள் துறைக்கு வந்து வார்ட்வெல்லிடம் கயிறு வாங்கிப் போகின்றன. கர்னல் அவர்களுக்கு விருந்து வைக்கிறார். கல் அங்கேயே நிற்கிறது. அதில் ப்ரூயிட் என்ற எங்கள் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.